கெப்புக்கு முதலில் என்ன போடலாம்?



மாளிகாவத்தையில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்கு முந்தியே வாகனச் சாமான்களின் பேர் தெரிந்துவிடும். பஞ்சிகாவத்தை நடந்து போகிற தூரம்தானே. அதனால் எங்களிடம் படித்த தம்பிமார் ஒரு கெப் எடுத்தவுடன் கேட்கும் முதல் கேள்வி இது: "சேர், பவர் காணாது. முதலில் என்ன போடலாம்? டர்போவா, பெரிய சைலன்சரா, பம்பைக் கூட்டி விடுவதா?"

போன வருடம் இதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. தங்கச்சியின் மகன் பழைய ஹைலக்ஸ் ஒன்று எடுத்தான். 5எல் எஞ்சின், 2986 சீசீ, டர்போ இல்லாத டீசல். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கெப்பின் விலையும் எங்கேயோ போய்விட்டது. தங்கச்சியின் காப்புகள் அதற்குள்தான் போயின. மிச்சம் கையில் இருந்த காசு ஒரு வேலைக்குத்தான் காணும். எந்த வேலை என்பதுதான் குடும்பமாக உட்கார்ந்து கதைத்த விசயம்.

முதலில் அவனிடம் நாங்கள் கேட்டது: "மகன், எந்த ரோட்டில், எந்தப் பக்கம், எவ்வளவு பாரம்?"

புறக்கோட்டையில் பலசரக்கு ஏற்றி நுவரெலியாவுக்கு மேலே போகிறான். அங்கே மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடைக்கு இறங்குகிறான். அதாவது கம்பளை தாண்டி ரம்பொடை ஏற்றத்தில் திணறுகிற அதே வண்டி, அதே ரோட்டில் முழுப் பாரத்தோடு இறங்கவும் வேண்டும். ஏறும்போது பவர் குறைந்தால் நேரம் போகும். இறங்கும்போது பிரேக் குறைந்தால் போவது வேறு.

அடுத்து, ஏன் திணறுகிறது என்பது. விஞ்ஞான பாடத்தில் படிப்பிப்பதுதான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடவே வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு மூச்சை இழந்துதான் வேலை செய்கிறது. அந்த நேரத்தில் பம்பைக் கூட்டி டீசலை மட்டும் கூடுதலாக ஊற்றினால் எரியக் காற்று எங்கே இருக்கிறது? எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போகும், வெப்பம் ஏறும், கடைசியில் ஹெட் வெடிக்கும். புகை கக்குவதைப் பவர் என்று நினைக்கிற தம்பிமார் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். அது காசு எரிகிற புகை. புகைப் பரிசோதனையில் விழுந்தால் வருட லைசனும் எடுக்க ஏலாது.

டர்போ போட்டால் காற்றுக் கிடைக்கும், உண்மை. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை அது. ஆனால் டர்போவுக்கென்றே செய்த எஞ்சினின் பிஸ்டனும் கூலிங்கும் அந்த வெப்பத்தைக் கணக்கில் வைத்துச் செய்தவை. வயது போன எஞ்சினில் வெளியிலிருந்து டர்போவைப் பூட்டினால், தாங்குமா இல்லையா என்பதை அந்த எஞ்சின் ஏற்றத்தில் வைத்துத்தான் சொல்லும்.

ஆகவே நாங்கள் எடுத்த வரிசை இது.

ஒன்று, கொம்ப்ரஷன் பார்ப்பது. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டாவிட்டால் மேலே போடும் எந்தச் சாமானும் வீண் செலவு.

இரண்டு, எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர், காற்றுக் குழாய்களின் வெடிப்பு. ஆகக் குறைந்த செலவு இதுதான். பலருடைய "பவர் காணாது" இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று, பம்ப் ரூமில் கொடுத்து நொசில்களைச் சோதிப்பது, பம்பைக் கம்பனி அளவுக்குக் கொண்டுவருவது. டைமிங் பெல்ட் மாற்றிய திகதி தெரியாவிட்டால் அதையும் மாற்றுவது.

நாலு, ரேடியேட்டர், தெர்மோஸ்டட், ஃபேன்.

ஐந்து, பிரேக். முன்னுக்குப் பேட், பின்னுக்கு லைனர், வீல் சிலிண்டர், புது பிரேக் ஒயில்.

ஆறு, டயர். முந்தின சொந்தக்காரர் அழகுக்குப் பெரிய டயர் போட்டிருந்தார். டயரின் விட்டம் பத்து வீதம் கூடினால் சில்லில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்பது வீதம் குறையும். சரியான அளவு டயருக்கு மாற்றியதில் அந்த இழுவை திரும்பி வந்தது.

காசு அத்தோடு முடிந்தது. மருமகனுக்கு முதலில் முகம் சுருங்கியது. "இதில ஒன்றும் புதுசா போடல்லியே மாமா" என்றான். வாஸ்தவம். வண்டி இழந்ததைத்தான் திருப்பிக் கொடுத்தோம். பழைய கெப்புக்கு முதல் அப்கிரேட் அதுதான் என்பது எங்கள் முடிவு.

கொமன் ரெயில் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். ரீமேப் செய்ய முந்தி இன்ஜெக்டர்களின் ரிட்டன் அளவைப் பாருங்கள். தேய்ந்த இன்ஜெக்டருக்கு மேலே கூடுதல் டீசலை ஏவினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம். எஞ்சினையே மாற்றுகிறவர்கள் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள். புத்தகத்தில் ஒரு இலக்கமும் வண்டியில் வேறு இலக்கமும் இருந்தால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தலையிடி.

ரம்பொடையில் அவன் இன்னும் இரண்டாம் கியரில்தான் ஏறுகிறான். ஆனால் பின்னால் புகை இல்லை, சூடு முள் நடுவைத் தாண்டுவதில்லை, ஓய்வுக்கு நிறுத்துவதுமில்லை. இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர், பிரேக்கில் கால் இலேசாக. தங்கச்சி இப்போது ராவைக்கு முழித்திருந்து ஃபோன் எடுப்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கெப் எடுத்த தம்பிமாரே, பாரமும் ஓட்டுகிற உயிரும் இரண்டுமே அமானிதம். முதலில் நிற்கப் பழகிய வண்டி பிறகு ஓடட்டும். டர்போ அதற்குப் பிறகு யோசிப்போம், இன்ஷா அல்லாஹ்.