கடைசியாக எப்போது போட்டீர்கள்?

பணி ஓய்வு விழாவில் ஒருவர், "அம்மா ஊசி போட்டே காலத்தை ஓட்டிட்டாங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஊசி அறையைக் கவனித்துவந்த அந்தச் செவிலியருக்கு அந்தக் கைதட்டல் இன்னும் உறுத்துகிறது. பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஊசி அறையில் நடப்பது என்னவென்று கூடவே வேலை பார்த்தவர்களுக்கும் தெரியவில்லையே என்பது அவருடைய ஆற்றாமை.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது எளிது என்பார். அட்டை இருக்கும், தேதி இருக்கும். தேதி தவறினால் கிராம சுகாதாரச் செவிலியர் வாசலிலேயே வந்து நிற்பார். நாற்பது வயதுக்காரரின் வாசலுக்கு யார் வருவார்கள்? ஆணி குத்தினால் டிடி, நாய் கடித்தால் நாய்க்கடி ஊசி. இடைப்பட்ட காலத்தில் நினைப்பே கிடையாது. டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் அந்த டிடி ஊசியை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். "கடைசியா எப்போ போட்டீங்க?" என்று கேட்டால், "கொரோனாவுக்குப் போட்டேன் சிஸ்டர்" என்று பதில் வரும்.

அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேலையில் பாதி. முன்பு நாய்க்கடி ஊசியை முழுத் தவணையும் போட்டவருக்கு மறுபடி கடிபட்டால், முதல் நாளும் மூன்று நாள் கழித்தும் போட்டால் போதும். காயத்தைச் சுற்றிச் செலுத்தும் சீரம் தேவையில்லை. போட்டாரா என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாய்க்கடி ஊசி என்றதும் பெரியவர்கள் இன்றும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்து, தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய மருந்து 2005-க்குள் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. பயம் மட்டும் நிற்கவில்லை. 2006-இல் தோலுக்குள் போடும் முறைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி, 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடுவதைவிட மருந்து குறைவாகச் செலவாகும், ஒரு குப்பியில் பலருக்குப் போடலாம். ஆனால் கை பழகியிருக்க வேண்டும்.

அந்தச் செவிலியருக்குப் பழக்கியவர், குழந்தைகளுக்குத் தோலுக்குள் போடும் பிசிஜி ஊசியைப் போட்டே கைதேர்ந்த ஒரு மூத்த சிஸ்டர். குழந்தையின் தோல் ஒரு மாதிரி, வெயிலில் வேலை செய்தவரின் தோல் வேறு மாதிரி. இடது விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, தோலோடு தோலாகச் சாய்த்து நுழைக்க வேண்டும். மருந்தைத் தள்ளும்போது கட்டைவிரல் தடையை உணர வேண்டும். தடை இல்லையென்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது. சரியாகப் போனால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் பக்கத்தில் மறுபடி போட வேண்டும். "கொப்புளத்தைப் பார்க்காம கையை எடுத்தா, நீ போட்டது கணக்குல சேராது" என்பார் அந்த மூத்த சிஸ்டர். வரிசை வெளி வாசலைத் தாண்டி நின்றாலும் அவர் அவசரப்பட்டதில்லை. சாயங்காலம் நேரம் கடந்த குப்பியில் மருந்து மிச்சமிருந்தால் ஒரு சொட்டுக்கூட மறுநாளுக்கு வைக்கவிட மாட்டார்.

இன்று வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். படிப்பு அதிகம், கம்ப்யூட்டர் தெரியும். ஆனால் கொப்புளம் எழும்பியதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு என்று வருந்துகிறார். சீட்டில் தேதி எழுதாமல் "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்புகிறார்கள். மூன்றாம் ஊசிக்குள் புண் ஆறிவிடும். 28-ஆம் நாள் அந்த ஆள் வரமாட்டார். குளிர்பெட்டியில் ஐஸ் பேக்கைச் சற்று உருகவிடாமல் அப்படியே அடுக்குகிறார்கள். டிடியும் ஹெப்படைடிஸ் பி-யும் உறைந்தால் வீணாகிவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான். தங்களுக்கே ஹெப்படைடிஸ் பி மூன்று தவணையும் முடிந்ததா என்று கேட்டால், அவர்களில் பலரிடம் பதில் இல்லை.

வெளிநாட்டுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார். விமான நிலையத்தில் கேட்பார்கள் என்று தெரியும். சர்க்கரை மாத்திரைக்காக மாதந்தோறும் வரிசையில் நிற்பவரிடம் ஃப்ளூ ஊசியைப் பற்றியோ நிமோனியா ஊசியைப் பற்றியோ ஒருவரும் கேட்பதில்லை. மாத்திரை எழுதும் அதே நோட்டில் ஊசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று பணியில் இருந்தபோதே அந்தச் செவிலியர் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி, போட்டவர் கையெழுத்து: நான்கு கட்டம் போதும் என்று இப்போதும் விளக்குகிறார்.