பழி குழம்பின் மீதா?

முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையில் இன்று எங்களைப் போன்ற கூலி வீடுகளில் அதிகம் பேசப்படுவது முத்தல்ல, வயிற்றுப்புண்! அப்பாவுக்கு வலி வரும்போதெல்லாம் பழி அம்மாவின் தலையில்தான் விழும். "நீ அரைக்கிற வத்தல்தான் அவன் குடலை அரிக்கு" என்பார் ஆச்சி. அம்மா பதில் பேசியதில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான் இங்கே படித்தறிந்தது வேறு. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்னும் இரு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, அமிலத்தையே தணித்து வாழும் உயிர் அது! உலகம் நம்பத் தயங்கவே, 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் வளர்ப்புப் பிராணியின் இரைப்பையிலும் இதன் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா உண்டு; அதற்கும் அழற்சியும் புண்ணும் வருகின்றன. அது என்ன, வத்தல்குழம்பா சாப்பிட்டது?

சில வலி மாத்திரைகளாலும் புண் வரலாம். கிருமியானால், மருத்துவர் சொல்லும் நாள்வரை மருந்துண்டால் பெரும்பாலும் குணமாகும். விட்டுவிட்டால் சிலருக்குப் புற்றுநோய் வரையிலும் செல்லும்.

ஆகவே நண்பர்களே, நாள்பட்ட வயிற்றுவலிக்குக் குற்றவாளியை அடுப்படியில் தேடாதீர்கள்; மருத்துவரிடம் செல்லுங்கள். நாம் படித்த படிப்பு, பதில் பேசாத நம் அன்னையர்க்காக ஒரு வார்த்தை பேசட்டும்!