மாயவாளுக்கு விலை என்ன?

அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி, 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, பகடை உருட்டியபடி அக்கதைக்குள் உலாவுவர். இதில் மாயவாளும் மந்திர மோதிரமும் ஒருவர் கைக்கு எவ்வழியில் வந்துசேர வேண்டும் என்பது இன்றுவரை தீராத வழக்கு.

ஆரம்பத்தில் அவை பெரும்பாலும் கண்டெடுக்கப்படுபவை. அரக்கனை வென்றால் அவன் குகையில் ஏதேனும் கிடைக்கும். கதை நடத்துநருக்கென கைகாக்ஸ் எழுதி 1979இல் வந்த கைநூலில் இதற்கான அட்டவணைகள் பக்கம் பக்கமாக உள்ளன. பகடையில் விழும் எண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுவே பரிசு. மோதிரத்தின் குணத்தை அறிய அதை விரலில் அணிந்தே பார்க்க நேரும். சாபம் ஏறியதாயின் எளிதில் கழற்றவும் முடியாது! அளவின்றி அள்ளி வழங்கிய நடத்துநர்களும் இருந்தனர். தொலைக்காட்சிப் பரிசுப் போட்டி நடத்திய மான்டி ஹாலின் பெயரைத் திரித்து, அத்தகைய ஆட்டத்தை ‘மான்டி ஹோல்’ எனக் கேலி செய்தார்கள்.

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் விலை குறித்தது. சிறு காயம் ஆற்றும் மருந்து 50 பொற்காசு. மிகச் சாதாரணமான மாய நெடுவாள் 2,315. மந்திரவாதி தானே செய்வதாயின் பாதி விலை போதும், ஆனால் தன் அனுபவப் புள்ளிகளிலும் சிலவற்றை இழக்க வேண்டும். அந்த இழப்பு எனக்குப் பிடித்திருந்தது. 2008இன் நான்காம் பதிப்போ, ஆட்டக்காரரிடம் விருப்பப் பட்டியலே கேட்டு வாங்குமாறு நடத்துநருக்கு யோசனை கூறியது. செய்தித்தாள் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்த எனக்கு, விளம்பரப் பகுதியில் நிரப்பப்படும் படிவந்தான் நினைவுக்கு வந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு கடையை மீண்டும் பின்னுக்குத் தள்ளியது.

ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் கடையின் கட்சி. “மாமா, பகடை ஈட்டியைத் தந்தால் வில்லுக்காரன் அதை வைச்சு என்ன செய்யிறது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. மாதக்கணக்காக ஒரு பாத்திரத்தை வளர்ப்பவருக்குத் தேவைக்குரிய ஆயுதத்தைத் தேடிப் பெறும் உரிமை இருக்கத்தானே வேண்டும்?

ஆயினும் அவனுடைய வீரன் ஏந்துவது வாங்கிய வாளன்று. அவர்களுடைய குழுவில் இருந்த நண்பனொருவன் வேலை நிமித்தம் தொலைதூர நகருக்குப் போய்விட்டான். அவன் கடைசியாக ஆடிய இரவில், மற்றவர்கள் தப்பும்வரை பாலத்தை மறித்து நின்று அவனுடைய பாத்திரம் மடிந்தது. கிடந்த வாளை மருமகன் எடுத்துக்கொண்டான். அதை விற்றுப் பையிலிருக்கும் காசையும் சேர்த்தால் இதனினும் சிறந்ததொன்றை வாங்கலாம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

“அது அவன்ர வாள் மாமா” என்றான்.