பிள்ளையின் கழுத்தைப் பற்றித் தங்கச்சிக்கு

புதுக்கடை,
கொழும்பு 12.

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பின எல்லாப் படத்திலும் பிள்ளையின் தலை வலப்பக்கம் சரிந்து, நாடி இடப்பக்கம் திரும்பியே இருக்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை வலப்பக்கத்தில் குறுகி இறுகினால் தலை இப்படித்தான் நிற்கும். நீ சொன்ன சின்னக் கட்டியும் அந்தத் தசையில்தான் இருக்கும். பிறந்து சில கிழமையில் தட்டுப்பட்டு, சில மாதத்தில் கரைந்துவிடும். ஆனாலும் டொக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

நீ தூக்கின விதமோ படுத்த விதமோ இதற்குக் காரணமில்லை. உன் வயிற்றில் அவன் தலை மேலே இருக்கக் கிடந்தவன். அப்படி நெருக்குப்பட்டுக் கிடக்கிற பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு.

மாமி சுளுக்கெடுக்க ஆள் பார்க்கிறா என்று எழுதியிருந்தாய். எண்ணெய் பூசிக் குளிக்க வார்க்கட்டும், அதில் குறையில்லை. கழுத்தைப் பிடித்துத் திருப்ப மட்டும் யாரையும் விடாதே. அவ கோபித்தாலும் பரவாயில்லை.

பிள்ளைக்கு இரண்டு மாதம்தான், நல்ல நேரம். 3 மாதத்துக்கு முன் பயிற்சி தொடங்கினால் 10 பிள்ளைகளில் 9 பேருக்கு மேல் சத்திரசிகிச்சை இல்லாமலே சரியாகிறது. தள்ளிப்போட்டால் தசை இன்னும் இறுகும், ஒரு பக்கமே படுத்துப் படுத்துத் தலையும் தட்டையாகும். நாடியை மெல்ல வலத் தோள் பக்கம் திருப்பிப் பிடிப்பதும், இடக் காதை இடத் தோளுக்குச் சரிப்பதும்தான் முக்கியமான பயிற்சிகள். பிசியோதெரப்பிஸ்ட் உன் கையைப் பிடித்துக் காட்டின பிறகு செய். பிள்ளை வீரிட்டு அழுதால் விட்டுவிடு.

மற்றதெல்லாம் இன்றைக்கே தொடங்கலாம். கிலுகிலுப்பையை வலப்பக்கம் ஆட்டு, நீயும் அந்தப் பக்கம் இருந்தே கதை. விழித்திருக்கும்போது பக்கத்திலிருந்து குப்புறப் படுக்க வை. நித்திரைக்கு மட்டும் மல்லாக்கத்தான். தலையை நிமிர்த்த என்று தலையணை அண்டைகொடுக்காதே. ஏணையில் நெடுநேரம் விடாதே, தலை ஒரே பக்கம் சரிந்து கிடக்கும்.

டொக்டரிடம் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல். கழுத்து இறுகின பிள்ளைகள் சிலருக்கு அதுவும் விலகியிருக்கும். இவன் தலை மேலே கிடந்தவன் என்பதால் கட்டாயம் கேள். கண் பார்வைக் கோளாறாலும் சில பிள்ளைகள் தலை சரிப்பார்கள், அதையும் பார்க்கட்டும். சரிவு திடீரென்று கூடி, காய்ச்சலோ சத்தியோ வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

முதலில் வவுனியா ஆஸ்பத்திரியிலேயே காட்டு. அங்கே கொழும்புக்கு எழுதித் தந்தால் யோசியாமல் இங்கே வா. சிறுவர்களுக்கென்றே இருக்கிற லேடி ரிட்ஜ்வே பொரளையில்தான், அரச ஆஸ்பத்திரி, காசு கேட்கமாட்டார்கள். நீதிமன்றம் தொடங்க முன்பே வெளிக்கிட்டால் புதுக்கடை நெரிசலில் மாட்டாமல் போய்விடலாம், அத்தான் கூட வருவார். பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் பிரசவத் துண்டையும் மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா