மலையில் நிலம் தேடுகிறவர்களுக்கு

கீழ்ப்பழனி மலையில் நிலம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோ வருகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். ஓடை நிறையத் தண்ணீர், சிவந்து பழுத்த காப்பி, ஆளைச் சொக்க வைக்கும் குளிர். பார்த்தவுடன் முன்பணம் கொடுத்துவிடத் தோன்றும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் அந்த ஆசையோடு நானும் நடந்திருக்கிறேன். நாமே விளைத்து நாமே உண்ண வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் தணியவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: மலை நிலத்தைப் பங்குனி, சித்திரையில் பார்க்க வேண்டும்.

கோடை மழை தவறிய வருஷத்தில் காப்பி சரியாகப் பூக்காது, ஊற்றும் சுண்டிவிடும். அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, குழாய் யார் தோட்டத்தைத் தாண்டி வருகிறது என்று கேளுங்கள். மேல்தோட்டக்காரர் மனம் மாறினால் கீழே இருப்பவருக்குக் குடிக்கவும் தண்ணீர் இராது. மண்ணைவிட முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

தற்சார்பு என்றால் எல்லாவற்றையும் ஒரே தோட்டத்தில் விளைத்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். மலைக்காரர்களே அப்படி வாழவில்லை. அவரை, பீன்ஸ், கிழங்கு, வாழை, பலா எல்லாம் வீட்டுக்குக் கிடைக்கும். அரிசியும் உப்பும் அடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து ஏற வேண்டும். அதற்குக் காப்பியும் மிளகும் கீழே இறங்க வேண்டும். இன்று நட்ட காப்பி காய்க்க 3, 4 ஆண்டுகள் ஆகும். அதுவரை கையில் காசு வேண்டும். ஒரே பயிரையும் நம்பக் கூடாது. 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாட்சி மலைவாழையை முடிக்கொத்து நோய் ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழித்தது. வாழையோடு மிளகும் காப்பியும் வைத்திருந்தவர்களுக்கே பிடிமானம் இருந்திருக்கும்.

பலா பழுத்தால் யானை வரும். கிழங்கைப் பன்றி கிளறும். காட்டுமாடு வேலியை மதிக்காது. யானை காலங்காலமாக நடக்கும் தடத்தில் வீடு கட்டிவிட்டு யானை மீது குறை சொல்வது நியாயமில்லை. தடம் எது என்று இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களிடம் கேளுங்கள். இங்குள்ள காட்டை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அவர்களை வெறும் கூலியாளாகப் பார்க்கிறவர் மலைக்கு வராமலிருப்பதே நல்லது.

பத்திரம் வக்கீல் பார்க்கட்டும். நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா, வீடு கட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் கிராமமா என்ற மூன்றையும் மட்டும் மறவாமல் கேட்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை நிற்கிறதா? அப்படியானால் உடனே வாங்காதீர்கள். ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு கோடையும் ஒரு ஐப்பசி அடைமழையும் அங்கே இருந்து பாருங்கள். அதன் பிறகு கிரயம் பேசுங்கள்.