பார்க்கக் கொள்ளாம்

குளச்சல் பக்கம் வள்ளக்காரர்கள் அவுட்போர்டு மோட்டாரைக் கிளப்பியதும் சத்தத்தைக் கேட்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பார்கள். மூடிக்குக் கீழே சிறு துளையிலிருந்து பீய்ச்சும் நீர் அது. இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் இல்லை. கடல் நீரை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, சூட்டோடு கடலிலேயே விட்டுவிடும். நீர் நின்றால் சற்று நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

நீரை ஏற்றுவது உள்ளங்கையில் அடங்கும் ரப்பர்ச் சக்கரம்: இம்பெல்லர். தன் கூட்டுக்குள் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளிச் சுழல்வதால், அதன் இறகுகள் ஒருபக்கம் மடங்கி மறுபக்கம் நிமிர்கின்றன. நிமிரும்போது நீரை இழுத்து, மடங்கும்போது மேலே தள்ளுகின்றன. வேகம் கூடினால் இறகுகள் சுவரைவிட்டு விலக, சுழற்சியின் வீச்சிலேயே நீர் ஏறும். அதனால்தான் தளர்ந்த இம்பெல்லரும் வேகத்தில் நன்றாகப் பீய்ச்சி நம்மை ஏமாற்றுகிறது. மெதுவாக ஓட்டும்போதுதான் தாரை மெலிகிறது.

மெக்கானிக் அண்ணன் ஒருவர் இம்பெல்லரை மாற்றும்போது கூட இருந்திருக்கிறேன். மோட்டாரின் அடிப்பகுதியான கியர் கேஸைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. அலுமினியத்தில் இறுகிய எஃகு போல்ட்டை உப்பு லேசில் விடாது. கியர் கேஸ் இறங்கிவிட்டால் ஷாஃப்ட்டோடு பம்பும் கைக்கு வந்துவிடும். வெளியே வந்த பழைய இம்பெல்லரில் ஓர் இறகும் உடையவில்லை. “இதையே போட்டா என்ன அண்ணே?” என்றேன். புதியதைப் பக்கத்தில் வைத்தார். பழையதன் இறகுகள் மடங்கிய பக்கமே சாய்ந்து நின்றன. “மக்கா, பாக்கதுக்குத்தான் கொள்ளாம். தள்ளதுக்குப் பெலன் இல்ல” என்றார்.

பிறகு ஷாஃப்ட்டின் பள்ளத்தில் பிறை வடிவச் சாவியை வைத்து, புதிய ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி, மோட்டார் சுழலும் பக்கமாக, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக, ஷாஃப்ட்டைத் திருப்பிக்கொண்டே கூட்டை அழுத்தி இறக்கினார். கியர் கேஸை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் பம்பின் வாயில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே போல்ட்டை முறுக்கினார்.

கரையிலிருந்து அலைக்குள் தள்ளும் வள்ளங்களில், கலங்கிய மணல் இந்த ரப்பரைச் சீக்கிரம் அரைத்துவிடும். தண்ணீரில்லாமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது அதைவிடக் கேடு. காய்ந்த ரப்பர் சற்று நேரத்திலேயே கருகிவிடும். ஓர் இறகு காணவில்லை என்றால் புதியதைப் போட்டதோடு விடக்கூடாது. அந்தத் துண்டு மேலே போய் நீர்வழியை அடைத்திருக்கும். தேடி எடுத்தே ஆகவேண்டும்.

ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து வள்ளம் கரையில் கிடக்கும்போது இந்த வேலையை முடித்துவிடுங்கள். கழற்றியது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொரு முறை புதியதே போடுங்கள்.