குரலுக்குக் கண் இல்லை

வீட்டுக்குள் யாரை அழைப்பது, யாரைத் திண்ணையோடு அனுப்பிவைப்பது என்பதில் நம் குடும்பங்கள் கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பைக் கடந்து அடுப்படி வரை வந்து அமர்ந்த அந்நியர் ஒருவர் உண்டு. அவர்தாம் வானொலி அறிவிப்பாளர். அவர் பேசுவார், பார்க்கமாட்டார். குரலுக்குக் கண் இல்லையல்லவா? திரைப்படக் கொட்டகையின் படியை மிதித்தறியாத நம் தாய்மார்கள் பலர் வெளியுலகைக் கேட்டறிந்தது இந்த விருந்தாளியின் வாயிலாகத்தான்.

பவானி ஆற்றங்கரையில், திம்பம் மலைப்பாதையின் அடிவாரத்தில் அமைந்த எங்கள் சத்தியமங்கலத்துக்கு அந்தக் குரல் பெரும்பாலும் கொழும்பிலிருந்தே வந்தது. திருச்சி வானொலி 1939 முதலே ஒலித்தது. கோவை நிலையமும் 1966 டிசம்பரில் தொடங்கப்பெற்றது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் கடல் கடந்து காது கொடுத்தார்கள்? 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. இலங்கை வானொலியோ 1950லேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படையினருக்காக நிறுவப்பட்ட நிலையம் 1949இல் அதன் கைக்கு வந்திருந்தது. படைவீரருக்காக எழுப்பிய கருவிகள் நம் வீட்டுப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லின! 1957இல் விவித பாரதி வந்த பின்னரும் பழகிய காதுகள் கொழும்பை விடவில்லை.

அத்தா வானொலிப் பெட்டி வாங்கியது செய்திக்காகவும் இலங்கையின் முஸ்லிம் நிகழ்ச்சிக்காகவும்தான். அப்படித்தான் அவர் சொன்னார். நன்னிக்கு அதில் சம்மதமில்லை. "தொழுகிற வீட்டில் பாட்டுப் பெட்டியா?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கம்பீரக் குரல் எழுந்தது. நன்னி ஒன்றும் சொல்லவில்லை. பாயை மட்டும் பெட்டிக்குச் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மார்க்கத்தின் வாசல் வழியாக நுழைந்த பெட்டி, பின்னர் அடுப்படியின் உரிமைப் பொருளாயிற்று.

1975இல் ரமலான் செப்டம்பரில் வந்தது. சூரியன் கொழும்பில் நமக்குப் பத்து நிமிடமளவு முன்னதாகவே மறைந்துவிடும். வானொலியில் மஃரிபு பாங்கு ஒலித்ததும் சிறுவர்கள் நாங்கள் பேரீச்சம்பழத்தை நோக்கிக் கை நீட்டுவோம். "அது அவர்களுடைய பாங்கு, நம் பள்ளிவாசல் பாங்கு வரட்டும்" என்பார் அத்தா. அந்தப் பத்து நிமிடம் எத்தனை நீளம்! பூமி உருண்டை என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நோன்புக் கஞ்சிக் கோப்பையின் முன்னால்தான் நம்பினேன்.

எங்களுக்கு ஒரு பெருமையும் வாய்த்தது. எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக, பிசிறில்லாத தமிழ் பேசியவருள் ஒருவர் பி.எச். அப்துல் ஹமீது. 'பாட்டுக்குப் பாட்டு' முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் வேலியோரம் நின்று, "உங்க அப்துல் ஹமீது என்னமாப் பேசறாருங்க!" என்பார். அத்தா ஏதோ சொந்த மைத்துனரைப் புகழ்ந்ததுபோல் தலை கவிழ்ந்து புன்னகைப்பார். தமிழும் இஸ்லாமும் ஒரே நாவில் இயல்பாகக் குடியிருக்கும் என்பதற்கு அந்த வேலியோரத்தில் வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் எஸ். ராம்தாஸ் மரிக்காராகப் பேசியபோதும் வீடே குலுங்கியது. முஸ்லிம் அல்லாத ஒரு கலைஞர் நம்மவரின் பேச்சை இத்தனை வாஞ்சையோடு பேசியதில் அம்மாவுக்குத் தனி மகிழ்ச்சி.

இவற்றையெல்லாம் எங்களைவிடக் கூர்ந்து கேட்டவர் என் அக்கா. பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பு நின்றது. அதன் பிறகு 'பொங்கும் பூம்புனல்' அவருக்குக் காலை வகுப்பு. 'இசையும் கதையும்' தமிழ்ப் பாடம். மல்லிகை தொடுத்தபடியே கேட்பார். பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல ஒரு கோடு போட்ட ஏட்டில் குறித்துக்கொள்வார். பேட்டரிக் கட்டைகள் ஓய்ந்துவிட்டால் முறத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பதும் அவர்தாம்.

ஒருமுறை நேயர் விருப்பத்துக்கு எழுத ஆசைப்பட்டார். கடிதம் எழுதியாயிற்று, அயல்நாட்டுத் தபால்தலையும் வாங்கியாயிற்று. அத்தா படித்துப் பார்த்தார். "பெண்பிள்ளையின் பெயரை ஊரெல்லாம் கேட்க வேண்டாம், அம்மா" என்றார். குரலில் கோபமில்லை, மாற்றவும் இடமில்லை. அக்கா தம் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். சில வாரங்கள் கழித்து அந்தப் பெயர் ஒலித்தது. தெருவே என்னைப் பாராட்டியது. அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்நாளைய ஒழுங்கை இன்றைய கண்ணால் பழிக்க நான் எழுதவில்லை. பெண்ணுக்கு உலகத்தைக் கேட்கும் உரிமையைத் தந்தவரும் அத்தாதாம். அவள் பெயரை உலகம் கேட்பதைத் தடுத்தவரும் அவரேதாம். இரண்டையும் அவர் பாசத்தினாலேயே செய்தார். பழைய வானொலி நாள்களை இனிமையென்று சொல்லி நிறுத்திவிட்டால் பாதியைத்தான் சொன்னவர்களாவோம்.

அறிவிப்பாளர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். கேட்டவர்களின் பெயர்களோ காற்றிலும் இல்லை, தாளிலும் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மூத்த சகோதரி, ஒரு பெரியம்மா இருப்பார்கள். அவர்கள் எதைக் கேட்டார்கள், எதை எழுத நினைத்தார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள், எழுதியும் வையுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தவர்களின் குரலை நாம் கேட்க வேண்டிய முறை இது.